வாய் கட்டிய சாக்கு

ஆகஸ்ட் 4, வெள்ளி

வாய் கட்டியபடியே இருக்கும் ஒரு சாக்கு எப்படி வெறுமையாக இருக்க முடியும்? இருபத்தைந்து ஆண்டுகளாக இதற்கு எனக்கு விடை தெரியவில்லை.

என் தம்பி தயாபரன் இந்த நீர்த்தேக்கத்தில் அளவுகல்லைப் பார்த்து நீர்மட்டம் பதியும் வேலையில் இருந்தான். அவனுக்கு அப்போது வயது இருபத்திரண்டு. ஓர் ஆகஸ்ட் மாதம் காணாமல் போய், மூன்றாம் நாள் மிதந்து வந்தான். இடுப்பில் நைலான் கயிறு. கயிற்றின் மறு நுனியில் ஒரு கோணிச் சாக்கு. அதன் வாய் இறுகக் கட்டியிருந்தது. தையல் பிரியவில்லை, கிழிசல் இல்லை. தடவிப் பார்த்தால் உள்ளே இன்னொரு சாக்கு இருப்பது தெரியும். அதற்குள் எதுவும் இல்லை.

வெறும் சாக்கு யாரையும் மூழ்கடிக்காது. மணலோ கல்லோ இருந்திருந்தால் அது எங்கே போயிற்று?

தண்ணீரில் கிடந்த பழைய சாக்கும் கயிறும் உடம்பில் சுற்றியிருக்கும் என்றார்கள் போலீஸார். கோப்பில் ‘கால் தவறி விழுந்து இறப்பு’ என்று இருக்கிறது. அதை அப்படி முடித்தது யார் என்பதெல்லாம் இப்போது தேவையில்லை. அம்மா அதை நம்புகிறாள். நான் நம்பவில்லை. அவனே கட்டிக்கொண்டு இறங்கினான் என்றுதான் நினைத்து வந்திருக்கிறேன். அப்படி நினைக்க எனக்குக் காரணம் உண்டு. அதற்குச் சில நாள் முன்பு நான் அவனுக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தேன்.

பல்கலைக்கழகத்தில் நாட்டு மீன்கள் பற்றிய கணக்கெடுப்புக்கு ஐந்து நீர்த்தேக்கங்களைக் கொடுத்துத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். இதைத் தேர்ந்தெடுத்தேன். பத்து நாள், ஏழு இடங்களில் வலை. சக ஆசிரியர்கள் காரணம் கேட்கவில்லை. விடுதி அறையில் மின்விசிறி சத்தம் போடுகிறது. அவன் பொருட்களோடு என்னிடம் கொடுத்த அந்தச் சாக்கு என் பெட்டியில், துணிகளுக்கு அடியில் இருக்கிறது. அதன் முடிச்சை இன்றுவரை நான் அவிழ்க்கவில்லை.

ஆகஸ்ட் 5, சனி

செம்மேட்டுத் துறையில் பரிசல் கேட்டபோது எல்லோரும் ஒரே ஆளைக் கைகாட்டினார்கள். “அய்யண்ணன்னு இருக்காருங்க. அந்தக் காலத்துல பெரிய திருடரு. ஆனா தண்ணி தெரிஞ்சவரு” என்றார் டீக்கடைக்காரர். திருடர் பக்கத்திலேயே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“அந்தக் காலத்துலன்னு சொன்னான் பாருங்க, அதுக்காகவே வரேன்” என்றார்.

வயது ஐம்பத்தேழு என்கிறார். சட்டை போடுவதில்லை. வலது கையில் நடுவிரலும் மோதிர விரலும் இல்லை. எட்டு விரலோடு துடுப்புப் போட்டும் பரிசல் நேராகத்தான் போகிறது. பல்கலைக்கழகத்தில் நாங்கள் வாடகைக்கு எடுக்கும் மோட்டார் படகு இவ்வளவு நேராகப் போனதில்லை.

விரல்களைப் பற்றி நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார், “முதலைங்க.”

மூன்று இடங்களில் வலை விட்டோம். நான் குறிப்பு எழுதும்போது என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இடக்கையா மேடம்?”

“ஆமாம்.”

அதன்பின் கரை வரும்வரை பேசவில்லை.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

ஜிலேபிக் கெண்டை 61, கெளுத்தி 4, ஆரல் 1. நாட்டுக் கெண்டை இல்லை. முதுகு வலி.

ஆகஸ்ட் 7, திங்கள்

அய்யண்ணனின் மனைவி கந்தாயி துறையில் மீன் வறுத்து விற்கிறார். இன்று மதியம் அங்கேதான் சாப்பாடு. அய்யண்ணன் இன்றைக்கு விரல் போன கதையைத் தண்ணீரில் வெடித் தோட்டா போட்டு மீன் பிடித்தபோது நடந்ததாகச் சொன்னார்.

“முந்தாநாள் முதலைன்னு சொன்னீங்க” என்றேன்.

கந்தாயி கரண்டியை நிறுத்தவில்லை. “முதலை கடிச்சா கணக்கா ரெண்டு விரலு மட்டும் எடுத்துக்கிட்டுப் போகுமா? அது என்ன, வெத்தலையா கிள்ளிட்டுப் போக? இவரு திருடுனது கொஞ்சம் மேடம், சொன்னதுதான் ஜாஸ்தி.”

“நீ மீனைப் பாரு, கருகுது.”

“மீனு கருகாது. உங்க வாய்தான்.”

திருட்டைப் பற்றிக் கேட்டேன். தயங்காமல் சொன்னார். அக்கரையிலிருந்து சாராயம் வரும். லாரி டியூபில் அடைத்துப் பரிசலுக்கு அடியில் கட்டிக்கொண்டு வருவார்கள். இவர் ஒரு முதலாளிக்காக அப்படி ஓட்டியவர். காவல் படகு தெரிந்தால் சரக்கை முழுக்கிவிட வேண்டும். ஆனால் சாராயம் நிறைந்த டியூப் மிதக்கும். கல்லைக் கட்டினால் முழுகும், திரும்ப வராது. முப்பது நாற்பது அடி ஆழத்தில் யார் போய்த் தேடுவது?

“அதுக்குத்தான் மேடம் உப்பு.”

ஒரு சாக்குக் கல்லுப்பைக் கட்டி விட்டால் டியூப் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். உப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். கரைந்து முடிந்ததும் சரக்குத் தானாகவே மேலே வரும். அந்த நேரத்துக்கு அந்த இடத்தில் பரிசலோடு நின்றால் போதும். ஒரு சாக்குக்கு ஏறக்குறைய ஒரு பகல், ஒரு இரவு. இன்னும் தாமதமாக வர வேண்டுமென்றால் சாக்குக்குள் சாக்குப் போடுவார்களாம்.

“உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு உங்களுக்கெல்லாம் பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்தாங்க. நாங்க உப்பிட்ட எடத்தை நினைக்கணும். மறந்தா அவ்வளவுதான் பொழப்பு.”

புதிதாக வந்த ஒருவன் கல்லுப்புக்குப் பதில் தூளுப்பைக் கட்டினானாம். அரை மணி நேரத்தில் சரக்குக் காவல் படகுக்கு முன்னால் எழுந்து நின்றது. படகில் இருந்தவர்களே சிரித்துவிட்டார்களாம்.

இவருடைய தனித் தொழில் அதற்கு மேல். முதலாளியின் சரக்கை இவரே முழுக்குவார். உப்புக் கரைவதற்கு முன் இவரே திரும்பி வந்து முங்கி, டியூபைத் திறந்து பாதிச் சாராயத்தை எடுத்துக்கொண்டு ஆற்றுத் தண்ணீரை அடைத்துவிடுவார். ஒருமுறை அளவு தவறித் தண்ணீரை அதிகம் விட்டுவிட்டார். டியூப் மேலே வரவே இல்லை. முதலாளி கரையில் குடை பிடித்துக்கொண்டு ஒரு பகல் முழுக்கக் காத்திருந்தாராம். பக்கத்தில் இவரும் நின்று, “வந்துருங்க, வந்துருங்க” என்று தைரியம் சொன்னாராம்.

கந்தாயிகூடச் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன்.

கரையேறியபின் வலைகளை அலசிக் காயவைத்தேன். தவறுதலாக ஒரே வலையை இரண்டு முறை அலசியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

மளிகைக் கடையில் இரண்டு கிலோ கல்லுப்பு வாங்கினேன். “ஊறுகாயா மேடம்?” என்றார் கடைக்காரர். ஆமாம் என்றேன்.

துணிப்பை, உள்ளே இன்னொரு துணிப்பை. விடுதி வாளியில் காலை ஆறரைக்கு இறக்கினேன். நீர் வெப்பநிலை 26 டிகிரி.

இன்று பரிசல் போகவில்லை. அய்யண்ணனிடம் தலைவலி என்று சொல்லி அனுப்பினேன்.

ஆகஸ்ட் 9, புதன்

உள்பை வெறுமையாவதற்குப் பதினான்கு மணி நேரம். இரண்டு பைகளின் வாயும் கட்டியபடியே இருந்தன. சாக்கில் எதுவும் ஒட்டவில்லை. பை என்று எழுதுவதற்குப் பதில் சாக்கு என்று எழுதிவிட்டேன்; அடிக்கவில்லை.

ஜிலேபி 44, விரால் 1.

ஆகஸ்ட் 10, வியாழன்

இரண்டு கிலோவை வைத்து ஒரு மூட்டையைக் கணக்கிட முடியாது. ஆழத்தில் தண்ணீர் குளிர்ச்சி. நீரோட்டம் வேறு. மூன்று நாள் என்பது பொருந்தலாம் என்பதற்கு மேல் எதுவும் சொல்வதற்கில்லை.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். சாக எண்ணியவன் உப்பைக் கட்டிக்கொள்ள மாட்டான். மணல் காலடியிலேயே கிடக்கிறது.

கடிதத்தை எழுதிவிடுகிறேன். தயாபரன் வேலையை விட்டுவிட்டுச் சென்னை வந்து என்னோடு தங்கிப் படிக்க வேண்டுமென்று கேட்டிருந்தான். நான் அப்போது ஆய்வு மாணவி. சிறிய அறை. அவன் ஏற்கெனவே இரண்டு முறை படிப்பைப் பாதியில் விட்டவன். நியாயமான காரணங்கள் எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவிட்டு, கடைசியில் இதையும் எழுதினேன்: ‘உன் புத்திக்கு அந்த அளவுகல்லே போதும்.’

அவன் இறந்தபின் அவனுடைய அறையைக் காலி செய்ய நான் போனபோது கடிதம் மேசைமேல் பிரித்து வைத்திருந்தது. அதன்மேல் காற்றுக்குப் பறக்காமல் ஒரு கூழாங்கல்.

ஆகஸ்ட் 11, வெள்ளி

நீர் இறங்கி வருகிறது. ஐந்தாவது வலையை எடுத்தபின் நான் சொல்லாமலே அய்யண்ணன் பரிசலைத் திட்டுப் பக்கம் திருப்பினார். பாறைத் திட்டு. அதன் ஓரத்தில் தண்ணீருக்குள் இறங்கும் அளவுகல், அடி அடியாகக் கோடும் எண்ணும் போட்டது. தம்பி தினமும் விடியற்காலையில் தனியாகப் பரிசல் ஓட்டி வந்து மட்டம் பார்த்த கல் இது. நான் இதுவரை இங்கே வந்ததில்லை.

அய்யண்ணன் துடுப்பைப் பாறையில் ஊன்றிப் பரிசலை நிறுத்திக்கொண்டார்.

“உங்க தம்பிக்கும் இடக்கை. சாக்பீஸால கல்லு மேல தேதி போடுவாரு. எழுத்து பின்னால சாஞ்சிருக்கும். உங்களது மாதிரியே.”

எப்போது தெரிந்தது என்று கேட்டேன். முதல் நாளே என்றார். அதைச் சொல்லத்தான் இத்தனை நாளாக எனக்குப் பரிசல் ஓட்டி வந்தாராம். முதலில் உப்பைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது புரியும் என்று நினைத்தாராம்.

அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுத முயல்கிறேன்.

“சரக்குல தண்ணி சேருதுன்னு முதலாளிக்குச் சந்தேகம். யாருன்னு தெரியல. இந்தத் திட்டுக்குப் பின்னால ரெண்டு ஆளைப் பதுங்க வச்சிருந்தாரு. எனக்குத் தெரியாது. நல்ல வேளையோ கெட்ட வேளையோ, அன்னிக்கு நான் வரல. கந்தாயிக்குக் காய்ச்சல். வெடியக்காலையில உங்க தம்பி மட்டம் பாக்க வந்திருக்காரு. டியூபு பக்கத்துலயே எழும்பியிருக்கு. என்னடா இதுன்னு கைய நீட்டி இழுத்துட்டாரு. அவ்வளவுதான். திருடன் மாட்டிக்கிட்டான்னு துடுப்பால ஒரே அடி.”

அவர் துடுப்பைப் பாறையில் இன்னும் அழுத்தி ஊன்றினார்.

“என் மேல விழ வேண்டிய அடி மேடம்.”

பிறகு முதலாளி இவரைத்தான் கூப்பிட்டனுப்பினார். ஆழம் தெரிந்தவர் இவர்தான். உடலில் கல்லைக் கட்டி நடு ஆற்றில் விடச் சொன்னார். இவர் பரிசலில் ஏற்றிக்கொண்டு தனியாகப் போனார்.

“கல்லு கட்டுனா வரவே மாட்டாரு. பெத்தவங்க ஒவ்வொரு வெள்ளத்துக்கும் துறையில வந்து நிப்பாங்க. நான் உப்பு கட்டுனேன். சாக்குக்குள்ள சாக்கு. மூணு நாளுக்குக் கணக்குப் பண்ணி.”

உடல் மேலே வந்த அன்று மாலை முதலாளிக்கு விஷயம் புரிந்துவிட்டது. உப்புக் கட்டும் கை யாருடையது என்று அவருக்குத் தெரியும். அந்தக் கையில் இரண்டு விரலை எடுத்துக்கொண்டார். முதலாளி செத்து எட்டு வருடம் ஆகிறது. அடித்தவர்களில் ஒருவனும் செத்துவிட்டான். இன்னொருவன் அக்கரையில் எங்கேயோ.

“நீங்களே போய்ப் போலீஸ்ல சொல்லியிருக்கலாமே” என்றேன்.

“சொல்லியிருக்கலாம். சொல்லல.” துடுப்பைக் கை மாற்றிக்கொண்டு, “ஆனா கேப்பாங்கன்னு இருந்தேன். கைல துணியைச் சுத்திக்கிட்டுத் துறையிலயே மூணு நாளு உக்காந்திருந்தேன். வாய் கட்டுன வெறுஞ்சாக்கு மேடம். இந்தத் தண்ணியில இருக்கற எவனுக்கும் அது என்னன்னு தெரியும். போலீஸுக்கும் தெரியும். வந்து கேட்டா சொல்லிரலாம்னு இருந்தேன். ஒருத்தரும் வரல. ஏன் வரலன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குப் புரியல.”

நீர்மட்டத்தைப் பார்த்து எழுதிக்கொண்டேன்: 62 அடி.

ஆகஸ்ட் 12, சனி

ஆறாவது வலை. ஜிலேபி 52, கெளுத்தி 7. நாள் முழுவதும் மீனைத் தவிர வேறு எதையும் நாங்கள் பேசவில்லை.

இந்த மனிதர் ஒரே விரல்களுக்கு மூன்று கதை சொன்னவர். நான் யார் என்று முதல் நாளே தெரிந்துகொண்டவர். என்னைப் பார்த்தால் எதைக் கேட்க வந்திருக்கிறேன் என்று ஊகிக்க முடியாதா? இறந்தவனின் அக்காவுக்கு எந்தக் கதை வேண்டுமோ அதைக் கொடுத்திருக்கலாம். இரக்கத்தாலும் பொய் சொல்வார்கள். அவன் சாவுக்கு என் கடிதம் காரணமில்லை என்பதை நான் விரும்புகிறேன். விரும்புகிறேன் என்பதாலேயே நம்பத் தயங்க வேண்டும். மாணவர்களுக்கு இதைத்தான் இருபது ஆண்டுகளாகச் சொல்கிறேன்.

நாளை ஏழாவது வலை, கடைசி நாள். சாக்கை எடுத்துப் போவேன். எதுவும் சொல்லாமல் கையில் கொடுப்பேன். அவர் போட்ட முடிச்சு என்றால் அவிழ்க்கத் தெரிய வேண்டும். தெரிந்தாலும் அது முழுச் சான்று ஆகாது, அந்த முடிச்சு இங்கே எல்லாருக்கும் தெரிந்ததாக இருக்கலாம். தெரியாவிட்டால் பொய் என்று முடிவாகும். பகல் இரண்டு மணிக்குப் பேருந்து.

போலீஸ் ஏன் வரவில்லை என்ற அவர் கேள்விக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. அது அவருக்குத் தேவையில்லாதது.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

நடந்தது இது.

கரையிலிருந்து கொஞ்ச தூரம் போனதும் பையிலிருந்து சாக்கை எடுத்து நீட்டினேன். அய்யண்ணன் துடுப்பை மடிமேல் வைத்துக்கொண்டு வாங்கினார். மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். முடிச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அவிழ்க்கப் பார்த்தார்.

முடியவில்லை. நைலான் இறுகியிருந்தது. கட்டைவிரலும் சுட்டுவிரலும் நுனியைப் பிடித்தன. பிடித்ததைத் தாங்க அடுத்த விரல் இல்லாததால் வழுக்கி வழுக்கி வந்தது. பல்லால் கடித்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பொய் என்று எழுதிக்கொள்ள வேண்டியதுதான் என்று மனத்தில் ஓடியது.

“அன்னிக்குப் பத்து விரலு இருந்துச்சு மேடம்” என்றார்.

சாக்கை என் மடியில் வைத்தார். “நீங்க அவுருங்க. நான் சொல்றேன். கீழ இருக்கற கண்ணுல சுண்டுவிரலை விடுங்க. அதில்ல, அதுக்குப் பின்னாடி. விட்டுட்டு, குட்டை நுனியை உங்க பக்கம் இழுக்காதீங்க, எம் பக்கம் தள்ளுங்க.”

தள்ளினேன். அசையவில்லை.

“இடக்கையால செய்ங்க. சும்மா வராது, இருவத்தஞ்சு வருசம்.” பிறகு, நான் முடிச்சோடு போராடிக்கொண்டிருக்கும்போதே, “உள்சாக்குக்கு முடிச்சு கெடையாது. மடிச்சுதான் விட்டேன். வெள்ளைச் சாக்கு, உரக்கடைச் சாக்கு. நீலக் கோடு ஒண்ணு ஓடும்” என்றார்.

அப்போது முடிச்சு விட்டுக்கொடுத்தது. கையை உள்ளே விட்டு இழுத்தேன். வெள்ளை, மங்கி மஞ்சளாகியிருந்தது. வாய் இரண்டாக மடித்திருந்தது. ஓரத்தில் நீலக் கோடு.

உள்சாக்கை உதறினேன். எதுவும் விழவில்லை. விழும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

சொல்வதில்லை என்று நேற்று எழுதியதைச் சொல்லிவிட்டேன். எப்படித் தொடங்கினேன் என்று நினைவில்லை. “போலீஸ் ஏன் வரலைன்னு கேட்டீங்களே. நான்தான் எழுதிக் குடுத்தேன். சாவுல சந்தேகம் இல்லை, விசாரணை வேண்டாம்னு. அவனே பண்ணிக்கிட்டான்னு நினைச்சேன். அது அம்மாவுக்குத் தெரிஞ்சிடக் கூடாதுன்னு நினைச்சேன். அந்தக் காகிதத்துல இருக்கறது என் கையெழுத்து.”

அய்யண்ணன் துடுப்பை எடுக்கவில்லை. பரிசல் தன் பாட்டுக்கு மெதுவாகச் சுற்றத் தொடங்கியது. துறை கண்ணில் பட்டது, பிறகு மலை, பிறகு திட்டு, மறுபடி துறை.

“அப்ப நீங்க வேண்டாம்னு சொன்னதாலதான் யாரும் வரல.”

“ஆமாம்.”

“நான் கேக்கட்டும்னு உக்காந்திருந்தேன்.”

“ஆமாம்.”

இன்னொரு சுற்று. அவர் என்னைத் திட்டியிருக்கலாம். பரவாயில்லை என்றும் சொல்லியிருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை. வெயில் ஏறியபின் துடுப்பை எடுத்து, “ஏழாவது வலை கெடக்குது மேடம்” என்றார்.

இருவரும் இழுத்தோம். ஜிலேபி 38, ஆரல் 2, கெளுத்தி 3. நாட்டுக் கெண்டை கடைசிவரை இல்லை. திட்டைக் கடக்கும்போது மட்டம் பார்த்தேன்: 61 அடி. அவர் பரிசலை நிறுத்திக் கொடுத்தார், நான் கேட்கவில்லை.

துறையில் கந்தாயி என் கையிலிருந்த கோணிச் சாக்கைப் பார்த்து, “நல்ல சாக்கா இருக்குதே மேடம், கிழிசலே இல்ல. வேண்டாம்னா குடுங்க, ஐஸு மேல போத்த ஆகும்” என்றார்.

“ஏய், அது வேண்டாம்” என்றார் அய்யண்ணன்.

“உங்களைக் கேட்டனா?”

கொடுத்தேன். கந்தாயி அதைத் தண்ணீரில் இரண்டு முறை முக்கி உதறி, மீன் பெட்டிமேல் விரித்தார். நான்கு மூலையிலும் இழுத்துவிட்டார். உள்சாக்கு என்னிடம் இருக்கிறது.

இரண்டு மணிப் பேருந்து போய்விட்டது. அடுத்தது நான்கரைக்கு. அதுவரை துறையில் உட்கார்ந்திருந்தேன். அய்யண்ணன் எதிரே உட்கார்ந்து கிழிந்த வலையைப் பின்னிக்கொண்டிருந்தார். அம்மாவுக்குத் தொலைபேசியில் பேசினேன். இன்று இரவு வருகிறேன், உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்றேன். தயாபரனைப் பற்றியா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.